கிளாஸ் ஃபைலுக்கும் ஒரு விலாசம் உண்டு: கணினிக் கேள்வி – பதில்

குமரி மாவட்ட வாசகர்களிடமிருந்து இந்த முறை வந்த கடிதங்களை விரித்து வைத்தால், பெரும்பாலும் ஒரே வயிற்றுவலிதான்: (பெரும்பாலும் ஜாவா மொழியில் எழுதிய) புரோகிராம் கம்பைல் ஆகிறது, அதாவது கணினி ஓட்டும் ஃபைலாக மாறுகிறது, ஆனால் ஓட மாட்டேன் என்கிறது. எழுதியதில் தப்பில்லை, கம்பைல் ஆகி வந்த ஃபைல் உட்கார்ந்திருக்கும் இடம்தான் தப்பு. எனவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டோம். கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் அச்சிட்டிருக்கிறோம். டைப் செய்யும்போது ஆங்கில எழுத்தில், பெரிய எழுத்து சின்ன எழுத்து பார்த்துச் செய்யுங்கள்.

கேள்வி: ரப்பர் கடைக்குப் பில் போடும் புராஜெக்ட். ‘பில்.ஜாவா’ என்று ஒரே ஃபைல்தான் எழுதினேன். கம்பைல் செய்தால் ‘பில்.கிளாஸ்’, ‘ஒட்டுப்பால்.கிளாஸ்’, ‘பில்$ஐட்டம்.கிளாஸ்’, ‘பில்$1.கிளாஸ்’ என நான்கு வந்து நிற்கின்றன. டாலர் குறி போட்டதைப் பார்த்து வைரஸ் என்று நினைத்து ‘$1’ ஃபைலை அழித்தேன். புரோகிராம் ஓடத்தான் செய்கிறது. அப்படியே விடலாமா? (கல்லூரி மாணவி, குலசேகரம்)

பதில்: விடாதீர்கள். பிரிண்ட் பட்டனையோ நீங்கள் லிஸனர் (அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்று சொல்லும் பகுதி) எழுதிய வேறு பட்டனையோ அழுத்திப் பாருங்கள், அங்கே விழுந்துவிடும்.

ஜாவா கம்பைலர் நீங்கள் எத்தனை ஃபைல் எழுதினீர்கள் என்று பார்ப்பதில்லை, எத்தனை கிளாஸ் (புரோகிராமின் தனித்தனிக் கட்டு) எழுதினீர்கள் என்றுதான் எண்ணுகிறது. ஒரு கிளாஸுக்கு ஒரு ஃபைல். ‘ஒட்டுப்பால்’ அதே ஃபைலில் கீழே எழுதிய தனி கிளாஸ். அதற்குத் தனி ஃபைல். ‘ஐட்டம்’ பில்லுக்கு உள்ளே எழுதிய கிளாஸ். அதனால் வெளி கிளாஸ் பெயர், டாலர், உள் கிளாஸ் பெயர். ‘$1’ என்பது பெயர் வைக்காமல் அந்த இடத்திலேயே ‘நியூ’ போட்டு எழுதிய கிளாஸ். பெயர் இல்லாததால் கம்பைலர் எண் கொடுக்கிறது. ‘ஈனம்’ (குறிப்பிட்ட சில மதிப்புகள் மட்டும் கொண்ட வகை) மேல் ‘ஸ்விட்ச்’ எழுதினாலும் இப்படி ஒன்று பிறப்பதுண்டு. லாம்டா (பெயரில்லாத குட்டிச் செயல்) எழுதினால் மட்டும் தனி ஃபைல் வராது; அது அதே கிளாஸுக்குள் ஒரு மெத்தடாக (செயல் பகுதியாக) ஒளிந்துகொள்ளும்.

ஓடுவது போலத் தெரிந்ததற்குக் காரணம், ஜாவா எல்லா கிளாஸையும் தொடக்கத்திலேயே ஏற்றுவதில்லை. தேவைப்படும் வரிக்கு வரும்போதுதான் ஃபைலைத் தேடும். அதனால் காணாமல் போன ஃபைல் காலையில் தெரியாமல் சாயங்காலம் கடை அடைக்கும் நேரத்தில் தெரியவரும்.

இதற்கு எதிர்ப்பக்கத் தொல்லையும் உண்டு. ஒரு கிளாஸின் பெயரை மாற்றினால் பழைய பெயரில் இருக்கும் ‘.கிளாஸ்’ ஃபைலைக் கம்பைலர் அழிக்காது. அது அங்கேயே கிடக்கும், வேறொரு ஃபைல் அதைத் தெரியாமல் பிடித்துக்கொண்டு ஓடும். சோர்ஸ் (நீங்கள் எழுதிய மூல ஃபைல்) ஒரு ஃபோல்டரிலும் கம்பைல் ஆனது இன்னொரு ஃபோல்டரிலும் இருந்தால், சந்தேகம் வரும்போது இரண்டாவதை முழுசாக அழித்து மறுபடி கம்பைல் செய்யலாம். கலந்து கிடந்தால் எதை அழிப்பது?

கேள்வி: பேக்கேஜ் போடாமல் எழுதியபோது எல்லாம் ஓடியது. ‘பேக்கேஜ் கடை;’ என்று முதல் வரி சேர்த்தேன். ‘கடை’ ஃபோல்டருக்குள் போய் ‘ஜாவா பில்’ என்று கொடுத்தால் ‘ராங் நேம்’ என்கிறது. ஃபைல் கண் முன்னே இருக்கிறது, பெயரும் ‘பில்’தான். என்ன ராங்? (கணக்கர், மார்த்தாண்டம்)

பதில்: அதன் பெயர் இப்போது ‘பில்’ இல்லை, ‘கடை.பில்’. பேக்கேஜ் வரி சேர்த்ததும் முழுப்பெயர் கிளாஸ் ஃபைலுக்குள்ளேயே எழுதப்பட்டுவிடுகிறது. நீங்கள் ‘பில்’ வேண்டும் என்றீர்கள், ஜாவா ‘பில்.கிளாஸ்’ ஃபைலைத் திறந்தது. உள்ளே ‘கடை/பில்’ என்று இருந்தது. ஆள் மாறாட்டம் என்று நிறுத்திவிட்டது. நம் மாவட்டத்தில் ‘விளை’ என்று முடியும் ஊர்கள் எத்தனை! ஒரே பெயரில் இரண்டு விளை இருந்தால் தபால்காரர் போஸ்ட் ஆபீஸ் பெயரைப் பார்ப்பார். பேக்கேஜ் அந்த போஸ்ட் ஆபீஸ் பெயர். அதை விட்டுவிட்டு வீட்டுப் பெயரை மட்டும் சொன்னால் கடிதம் திரும்பிவரும்.

சரியான முறை இது. புராஜெக்ட் ஃபோல்டருக்குள் ‘எஸ்ஆர்சி’, அதற்குள் ‘கடை’, அதற்குள் ‘பில்.ஜாவா’. புராஜெக்ட் ஃபோல்டரிலேயே நின்றுகொண்டு,

ஜாவாசி -டி அவுட் எஸ்ஆர்சி/கடை/*.ஜாவா

என்று கொடுங்கள். ‘அவுட்’டும் அதற்குள் ‘கடை’ ஃபோல்டரும் தானாக உருவாகும். ‘-டி’ கொடுக்காவிட்டால் கிளாஸ் ஃபைல் சோர்ஸுக்குப் பக்கத்திலேயே வந்து உட்காரும். பிறகு, அதே இடத்தில் நின்றே,

ஜாவா -சிபி அவுட் கடை.பில்

‘-சிபி’க்குப் பின்னால் வருவது எங்கிருந்து தேடத் தொடங்க வேண்டும் என்பது, அது ‘அவுட்’, ‘அவுட்/கடை’ அல்ல. தொண்ணூறு சதவீதக் குழப்பம் இந்த ஒரு படி கூடுதலாக இறங்குவதில்தான். பல இடங்களைக் கொடுக்க வேண்டுமானால் விண்டோஸில் இடையில் அரைப்புள்ளி, லினக்ஸில் முக்காற்புள்ளி. லினக்ஸில் பழக்கதோஷத்தில் அரைப்புள்ளி போட்டால் ஷெல் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் புரோகிராம்) அதை ‘இத்தோடு கட்டளை முடிந்தது’ என்று எடுத்துக்கொள்ளும்.

பெரிய எழுத்து விஷயம்: ஃபோல்டர் பெயரின் முதல் எழுத்து பெரியதாகவும் பேக்கேஜில் சின்னதாகவும் இருந்தால் விண்டோஸ் கண்டுகொள்ளாமல் விடலாம். அதையே ஜார் ஃபைலுக்குள் (பல கிளாஸ் ஃபைல்களைக் கட்டிவைக்கும் ஒரே ஃபைல்) போட்டால் விண்டோஸிலும் ஓடாது, ஏனென்றால் ஜாருக்குள் தேடுவது விண்டோஸ் அல்ல, ஜாவா.

கேள்வி: ஈத்தாமொழியில் தேங்காய்க் கணக்கு புரோகிராம் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். ‘ரேட்’ என்ற கிளாஸில் உரிகூலி ஒரு காய்க்கு 80 பைசா என்று ‘பப்ளிக் ஸ்டாட்டிக் ஃபைனல் இன்ட்’ ஆக இருந்தது. 100 ஆக்கி, ‘ரேட்.ஜாவா’வை மட்டும் கம்பைல் செய்து, புது ‘ரேட்.கிளாஸ்’ ஃபைலைக் கடை மெஷினில் மாற்றி வைத்தேன். மூன்று தடவை சரிபார்த்துவிட்டேன், பில்லில் இன்னும் 80தான் வருகிறது. (ஈத்தாமொழி)

பதில்: இந்த இதழின் சிறந்த கேள்வி இதுதான். உங்கள் மேல் தப்பில்லை, ஃபைலும் சரியாகவே மாறியிருக்கிறது. ஆனால் ‘பில்’ கிளாஸ் அந்த ஃபைலைப் பார்ப்பதே இல்லை.

சோதித்துப் பார்க்க, பில் கிளாஸின் உள்ளே எட்டிப் பாருங்கள்: ‘ஜாவாபி -சி பில்’. பேக்கேஜ் இருந்தால் முழுப்பெயரும் ‘-சிபி’யும் கொடுங்கள். உரிகூலி பயன்படும் இடத்தில் ‘பைபுஷ் 80’ என்று ஒரு வரி இருக்கும். ‘ரேட்’ என்ற பெயரே அந்த இடத்தில் இராது. அதாவது ஸ்டாட்டிக் ஃபைனல் ஆக இருந்து, மதிப்பும் கம்பைல் நேரத்திலேயே தெரிந்த எண்ணாகவோ எழுத்துச் சரமாகவோ இருந்தால், கம்பைலர் அந்த மதிப்பைப் பயன்படுத்தும் கிளாஸுக்குள்ளேயே நேராக எழுதிவிடுகிறது. பில் கம்பைல் ஆன அன்று 80. அதனால் என்றைக்கும் 80. ‘ரேட்’ கிளாஸில் அந்த ஒரு எண்ணைத் தவிர வேறொன்றும் பயன்படவில்லை என்றால், ‘ரேட்.கிளாஸ்’ ஃபைலை அழித்தாலும் பில் ஓடும். செய்து பாருங்கள், வேடிக்கையாக இருக்கும்.

வழி இரண்டு. உடனடி வழி, ‘அவுட்’ ஃபோல்டரை அழித்து எல்லாவற்றையும் சேர்த்துக் கம்பைல் செய்து, எல்லாக் கிளாஸையும் ஒன்றாக அனுப்புவது. தனித்தனி கிளாஸ் ஃபைலைப் பென்டிரைவில் எடுத்துப்போய் ஒட்டுப்போடும் வேலையை இதோடு விட்டுவிடுங்கள். நிலையான வழி, அடிக்கடி மாறும் மதிப்பை மாறிலியாக வைக்காமல் ‘உரிகூலி()’ என்ற மெத்தட் திருப்பித் தரும்படி செய்வது. மெத்தடைக் கூப்பிடும் வேலை ஓடும்போதுதான் நடக்கும், எனவே புது ஃபைலில் இருக்கும் மதிப்பு வரும். உண்மையைச் சொன்னால், கூலியும் விலையும் புரோகிராமுக்குள் இருக்கவே வேண்டியதில்லை. ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் வைத்துப் படித்தால் மாற்றுவதற்கு உங்களைக் கூப்பிடமாட்டார்கள்.

கேள்வி: ஜார் ஃபைல் செய்துவிட்டேன். ‘ஜாவா -ஜார் பில்.ஜார்’ என்றால் முதலில் ‘நோ மெயின் மேனிஃபெஸ்ட் ஆட்ரிபியூட்’ வந்தது. அதைச் சரிசெய்தால் மைஎஸ்கியூஎல் டிரைவரை (டேட்டாபேஸோடு பேசவைக்கும் ஜாரை) காணோம் என்கிறது. ‘-சிபி’யில் டிரைவர் ஜாரையும் கொடுத்தேன், ஜாருக்கு உள்ளேயே அதை வைத்தும் பார்த்தேன். இரண்டுமே நடக்கவில்லை. (வடசேரி, நாகர்கோவில்)

பதில்: இரண்டும் நடக்காது. ‘-ஜார்’ கொடுத்துவிட்டால் ‘-சிபி’யை ஜாவா திரும்பிக்கூடப் பார்க்காது, எச்சரிக்கையும் தராது. ஜாருக்குள் இருக்கும் ஜாரை ஜாவாவின் சாதாரண லோடர் திறக்காது. அதற்கு அது வெறும் ஒரு ஃபைல்.

ஜார் என்பது ஜிப் ஃபைல்தான். உள்ளே ‘மெட்டா-இன்ஃப்’ ஃபோல்டரில் ‘மேனிஃபெஸ்ட்.எம்எஃப்’ என்று ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல் இருக்கிறது, அவ்வளவே வித்தியாசம். எந்த கிளாஸிலிருந்து தொடங்குவது, வேறு எந்த ஜார்கள் தேவை என்பதெல்லாம் அதில் எழுத வேண்டும்:

மெயின்-கிளாஸ்: கடை.பில்
கிளாஸ்-பாத்: லிப்/டிரைவர்.ஜார் லிப்/பிடிஎஃப்.ஜார்

இங்கே பிரிப்பது அரைப்புள்ளியோ முக்காற்புள்ளியோ அல்ல, வெற்றிடம். ‘லிப்’ என்பது உங்கள் ஜார் இருக்கும் இடத்திலிருந்து பார்க்க வேண்டிய பாதை. நீங்கள் எந்த ஃபோல்டரில் நின்று கட்டளை கொடுக்கிறீர்கள் என்பது பொருட்டல்ல. கடைக்குக் கொடுக்கும்போது ‘பில்.ஜார்’, பக்கத்தில் ‘லிப்’ ஃபோல்டர், இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள்.

மேனிஃபெஸ்ட் எழுதும்போது கடைசி வரிக்குப் பின் ஒரு என்டர் தட்டியே ஆக வேண்டும். தட்டாவிட்டால் கடைசி வரி சத்தமில்லாமல் விட்டுப்போகும். உங்கள் முதல் பிழைக்கு அநேகமாக இதுவே காரணம். ஒரு வரி 72 பைட்டைத் தாண்டக்கூடாது. நீண்டால் அடுத்த வரியை ஒரு வெற்றிடத்தோடு தொடங்கித் தொடரலாம்.

ஜார் செய்யும் கட்டளை: ‘ஜார் சிஎஃப்எம் பில்.ஜார் மேனி.டெக்ஸ்ட் -சி அவுட் .’ (இந்த ‘-சி’ பெரிய எழுத்து, கடைசியில் ஒரு புள்ளி). செய்தவுடன் ‘ஜார் டிஎஃப் பில்.ஜார்’ (இந்த ‘டி’ ‘டேபிள்’ என்பதன் முதல் எழுத்து) என்று உள்ளடக்கத்தைப் பாருங்கள். ‘கடை/பில்.கிளாஸ்’ என்று வந்தால் சரி. ‘அவுட்/கடை/பில்.கிளாஸ்’ என்று வந்தால் மார்த்தாண்டம் வாசகரின் கதைதான், ஒரு படி கூடிவிட்டது.

எல்லாவற்றையும் ஒரே ஜாராக்கத்தான் வேண்டும் என்றால், மற்ற ஜார்களைப் பிரித்து, உள்ளிருக்கும் கிளாஸ்களை உங்கள் ஜாரில் கலக்க வேண்டும். மேவன், கிரேடில் (புராஜெக்டைக் கம்பைல் செய்து கட்டித் தரும் கருவிகள்) இரண்டிலும் இதற்குப் பிளக்இன் உண்டு. கையால் செய்தால் இரண்டு இடத்தில் இடறும். ‘மெட்டா-இன்ஃப்/சர்வீசஸ்’ ஃபோல்டரில் பல ஜார்களில் ஒரே பெயரில் ஃபைல் இருக்கும். ஒன்றின் மேல் ஒன்று எழுதப்பட்டு, டிரைவர் உள்ளே இருந்தும் ‘நோ சூட்டபிள் டிரைவர்’ வரலாம். அந்த ஃபைல்களை ஒட்டிச் சேர்க்க வேண்டும். அடுத்தது, கையொப்பமிட்ட ஜாரைப் பிரித்துக் கலந்தால் அதன் ‘.எஸ்எஃப்’ ஃபைலும் கூடவே வந்து, ‘இன்வேலிட் சிக்னேச்சர் ஃபைல்’ என்று நிறுத்தும். ‘.எஸ்எஃப்’, ‘.ஆர்எஸ்ஏ’, ‘.டிஎஸ்ஏ’ ஃபைல்களை நீக்கிவிடுங்கள்.

கேள்வி: என் லேப்டாப்பில் ஓடும் புரோகிராம் தோவாளை பூக்கடை கம்ப்யூட்டரில் ‘61.0’, ‘52.0’ என்று ஏதோ எண்களைச் சொல்லி நின்றுவிடுகிறது. (தோவாளை)

பதில்: உங்களிடம் ஜாவா 17, கடையில் ஜாவா 8. அந்த எண்ணிலிருந்து 44ஐக் கழித்தால் ஜாவா வெர்ஷன்: 52 என்றால் 8, 55 என்றால் 11, 61 என்றால் 17, 65 என்றால் 21.

இந்த எண் கிளாஸ் ஃபைலின் நெற்றியிலேயே இருக்கிறது. ஏதாவது ஹெக்ஸ் வியூவரில் (ஃபைலின் பைட்களை அப்படியே காட்டும் கருவி) திறந்தால் முதல் நான்கு பைட் எப்போதும் ‘சிஏ எஃப்ஈ பிஏ பிஈ’. சேர்த்து வாசித்தால் ‘கஃபே பேப்’, எழுதியவர்களின் குறும்பு. அடுத்த இரண்டு பைட்டை விட்டுவிடுங்கள். அதற்கடுத்த இரண்டில் ‘00 3டி’ இருந்தால் 61, ‘00 34’ இருந்தால் 52.

கடை ஜாவாவைப் புதுசாக்குவது ஒரு வழி. முடியாவிட்டால் ‘ஜாவாசி --ரிலீஸ் 8’ என்று சேர்த்துக் கம்பைல் செய்யுங்கள். பழைய பாடங்களில் ‘-சோர்ஸ் 8 -டார்கெட் 8’ என்று இருக்கும், அதை நம்பாதீர்கள். அது எண்ணைத்தான் குறைக்கும், ஜாவா 8இல் இல்லாத மெத்தடை நீங்கள் கூப்பிட்டிருக்கிறீர்களா என்று பார்க்காது. ‘பைட்பஃபர்’ கிளாஸின் ‘ஃபிளிப்’ ஒரு நல்ல உதாரணம்: ஜாவா 9இல் அது திருப்பித் தரும் வகை மாறியது. புது ஜாவாவில் பழைய முறையில் கம்பைல் செய்தால் சுத்தமாகக் கம்பைல் ஆகும், கடைக்குப் போய் ‘நோ சச் மெத்தட்’ என்று விழும். ‘--ரிலீஸ்’ இருந்தால் இந்தச் சிக்கலே எழாது.

கேள்வி: ‘கிளாஸ் நாட் ஃபவுண்ட்’, ‘நோ கிளாஸ் டெஃப் ஃபவுண்ட்’ இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? (பாலிடெக்னிக் மாணவர், கோணம்)

பதில்: முதலாவது, பெயரை எழுத்துச் சரமாகக் கொடுத்து ‘இதைத் தேடு’ என்று புரோகிராமே கேட்டபோது கிடைக்காதது. இரண்டாவது, கம்பைல் செய்தபோது இருந்தது, ஓடும்போது இல்லை. இரண்டாவதில் ‘குட் நாட் இனிஷியலைஸ் கிளாஸ்’ என்ற சொற்களும் இருந்தால் ஃபைலைத் தேடி அலையாதீர்கள், ஃபைல் இருக்கிறது. அதன் ஸ்டாட்டிக் பகுதி முதல் தடவை ஓடியபோதே வெடித்துவிட்டது. லாக்கில் மேலே போனால் ‘எக்ஸெப்ஷன் இன் இனிஷியலைஸர்’ என்று உண்மைக் காரணம் கிடக்கும்.

‘நோ சச் மெத்தட்’ வந்தால் பெரும்பாலும் ஒரே கிளாஸ் இரண்டு ஜாரில் இருக்கும், ஒன்று பழசு. கிளாஸ்பாத்தில் முதலில் வருவதுதான் எடுபடும். ‘ஜாவா -வெர்போஸ்:கிளாஸ்’ சேர்த்து ஓட்டினால் எந்தக் கிளாஸ் எந்த ஜாரிலிருந்து வந்தது என்று வரிவரியாகச் சொல்லும்.

கேள்வி: ‘மாட்யூல்-இன்ஃபோ’ எழுதாவிட்டால் பிற்காலத்தில் ஜாவா ஏற்காதா? (தக்கலை)

பதில்: ஏற்கும். 2017 செப்டம்பரில் வந்த ஜாவா 9 தன்னுடைய சொந்த லைப்ரரியை மாட்யூல்களாக (பல பேக்கேஜ்கள் அடங்கிய தனித்தனித் தொகுப்புகளாக) பிரித்தது. அதுவரை எல்லாவற்றையும் சுமந்துகொண்டிருந்த ‘ஆர்டி.ஜார்’ அன்றோடு போய்விட்டது. நீங்களும் பிரிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இருபது கிளாஸ் உள்ள கடைப் புரோகிராமுக்கு அது தலைச்சுமை என்பதே எங்கள் கருத்து: ஒரே பேக்கேஜ் இரண்டு மாட்யூலில் பிரிந்து கிடந்தால்கூட ஓடாது.

ஒரு பயன் மட்டும் சொல்லத்தக்கது. ‘ஜேலிங்க் --ஆட்-மாட்யூல்ஸ் ஜாவா.பேஸ்,ஜாவா.எஸ்கியூஎல் --அவுட்புட் ஜேஆர்இ’ என்று கொடுத்தால், அந்த இரண்டும் அவற்றுக்கு வேண்டிய மற்ற மாட்யூல்களும் மட்டும் அடங்கிய சின்ன ஜாவா ஒன்று தனி ஃபோல்டராகக் கிடைக்கும். விண்டோ, பட்டன் உள்ள புரோகிராம் என்றால் ‘ஜாவா.டெஸ்க்டாப்’பும் சேர்க்க வேண்டும். அதை ஜாருடன் சேர்த்துக் கொடுத்தால் கடையில் ஜாவா நிறுவவே வேண்டாம். தோவாளை வாசகரும் இதைக் கவனிக்கலாம். உங்களுக்கு எந்த மாட்யூல் தேவை என்பதை ‘ஜேடெப்ஸ் -எஸ் பில்.ஜார்’ சொல்லும்.

கேள்வி: குளச்சலில் மீன் ஏலக் கணக்குக்குப் பைத்தானில் எழுதினேன். ‘பைகேஷ்’ என்று ஒரு ஃபோல்டர் தானாக வருகிறது. அழிக்கலாமா? சோர்ஸை அழித்துவிட்டு அதை மட்டும் வாடிக்கையாளருக்குக் கொடுக்கலாமா? (குளச்சல்)

பதில்: முதல் கேள்விக்கு, தாராளமாக. மறுபடி வரும், நஷ்டம் இல்லை. இம்போர்ட் ஆகும் ஃபைல்களுக்குத்தான் அது வரும். நேரடியாக ஓட்டும் முதல் ஃபைலுக்கு வராது. ‘ஏலம்.சிபைத்தான்-311.பிஒய்சி’ என்று பெயரிலேயே பைத்தான் 3.11 என்று இருப்பதால் ஒரே ஃபோல்டரில் பல வெர்ஷன் சண்டையில்லாமல் இருக்கும். இந்த ஏற்பாடு 3.2இல் வந்தது. ஏற்றும் நேரம்தான் மிச்சம். ஓடும் வேகம் அதிகரிக்காது.

சோர்ஸை அழித்தால் பைத்தான் அந்த ஃபோல்டருக்குள் எட்டிக்கூடப் பார்க்காது. ‘பைத்தான் -எம் கம்பைல்ஆல் -பி .’ என்று கொடுத்தால் ‘ஏலம்.பிஒய்சி’ சோர்ஸுக்குப் பக்கத்திலேயே வரும். அது சோர்ஸ் இல்லாமலும் ஓடும், அதே பைத்தான் வெர்ஷனில் மட்டும். ரகசியம் காக்கும் என்று நம்பாதீர்கள், பிரித்துப் படிக்கும் கருவிகள் உண்டு. உங்கள் ஃபைலுக்கு ‘ரேண்டம்.பை’, ‘டேட்டைம்.பை’ என்று பெயர் வைத்திருந்தால் இன்றே மாற்றுங்கள். பைத்தான் தன்னுடைய லைப்ரரிக்கு முன்னால் உங்கள் ஃபோல்டரில்தான் தேடும்.

கேள்வி: சி மொழியில் ‘லிப்கணக்கு.ஏ’ என்ற லைப்ரரி ஃபைல் செய்து ‘ஜிசிசி -எல்கணக்கு மெயின்.ஓ’ என்று இணைத்தால் ‘அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்’. ‘.எஸ்ஓ’வாக (ஓடும்போது வந்து சேரும் லைப்ரரியாக) மாற்றினால் இணைகிறது, ஓட்டும்போது ஃபைலைக் காணோம் என்கிறது. (திங்கள்நகர்)

பதில்: முதலாவதில் வரிசை தலைகீழ். லிங்கர் (துண்டு ஃபைல்களை ஒன்றாக இணைக்கும் கருவி) இடமிருந்து வலமாகப் போகும், ‘.ஏ’ ஃபைலைச் சந்திக்கும் அந்த நொடியில் யாருக்காவது தேவைப்படுவதை மட்டும் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடும். மெயினுக்கு முன்னால் வந்தால் தேவை என்று எதுவும் இன்னும் எழவில்லை, ஒன்றும் எடுக்காது. ‘ஜிசிசி மெயின்.ஓ -எல். -எல்கணக்கு’ என்று எழுதுங்கள். புள்ளி ஒட்டிய ‘எல்’ பெரிய எழுத்து, மற்றது சின்னது.

இரண்டாவதில், பெரிய ‘எல்’ இணைக்கும்போது தேடும் இடத்தை மட்டும் சொல்கிறது. ஓடும்போது தேடுவது வேறு ஆள். ‘எல்டிடி’ கட்டளையைப் புரோகிராம் மேல் ஓட்டினால் எது ‘நாட் ஃபவுண்ட்’ என்று தெரியும். புரோகிராமும் ‘.எஸ்ஓ’வும் ஒரே ஃபோல்டரில் இருக்கப் போகின்றன என்றால், இணைக்கும்போது ‘-டபிள்யூஎல்,-ஆர்பாத்,$ஆரிஜின்’ சேர்த்துவிடுங்கள். டெர்மினலில் அதை ஒற்றை மேற்கோளுக்குள் போட வேண்டும், இல்லாவிட்டால் டாலரை ஷெல் விழுங்கிவிடும். மேக்ஃபைலில் (கம்பைல் கட்டளைகளை எழுதிவைக்கும் ஃபைல்) என்றால் அதே மேற்கோளுக்குள் டாலரை இரண்டு தடவை போடுங்கள்.